கவாத்து வெட்டிய தேயிலைச் செடியை எட்டு ஞாயிறு வரைந்தோம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரியில் என் வீட்டுக்குக் கீழே பக்கத்து வீட்டுக்காரர்களின் அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. போன செப்டம்பரில் அங்கே கவாத்து நடந்தது. அதுவரை இடுப்புயரத்துக்குப் பச்சையாகப் படர்ந்திருந்த சரிவு, இரண்டே நாளில் முண்டும் முடிச்சுமான வெறும் கொம்புகளாக நின்றது. வருடக்கணக்காக அந்த ஒற்றையடிப் பாதையில் நடந்திருக்கிறேன். தேயிலைச் செடி உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். தேயிலை இயல்பில் மரம். வெட்டி வெட்டித்தான் அதைச் செடியாக வைத்திருக்கிறோம். இலை போனதும் அந்த மரத்தின் உடம்பு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் ஓவியம் பழக வரும் ஐந்து பேரையும் இந்தச் செடிகளுக்கு முன்னால் உட்காரவைப்பது என்று முடிவு செய்தேன். அக்டோபர் முதல் வாரம் தொடங்கி எட்டு ஞாயிறு. வரைவது ஒரே செடியை; கருவியும் முறையும் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கருவியை மாற்றினால் படத்தின் தோற்றம்தான் மாறுகிறதா, பார்வையும் சேர்ந்து மாறுகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கரி, மை, சுண்ணம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழக்குவது ஓவிய வகுப்புகளில் வழக்கம்தான். அதனால் என்ன நடக்கிறது என்று ஒரே செடியை வைத்து நான் இதுவரை சோதித்ததில்லை.

செடியும் ஆட்களும்

ஐந்து பேரில் ஒருத்தி பிளஸ் ஒன் படிக்கும் மாணவி. கைபேசியில் ஒரு முகத்தைத் திறந்து வைத்து, கட்டம் போட்டு, மயிரிழை பிசகாமல் பென்சிலில் எடுத்துவிடுவாள். இந்த ஆய்வில் அதிகம் வரப்போவது அவள்தான். மற்றவர்கள் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், செவிலியர் ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பி, சுவர் விளம்பரமும் பெயர்ப் பலகையும் எழுதிப் பிழைத்த ஓவியர் ஒருவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் தூரிகை பிடித்தால் கை நடுங்காது.

மூன்று செடிகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று கல்கட்டு ஓரத்தில், ஒன்று நடுவரிசையில், ஒன்று ஓடைப் பக்கம். சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒரு செடி; கடைசி வரை அதே செடி. கவாத்து முடிந்ததும் வெயில் சுடாமல் இருக்க வெட்டிய மிலாறுகளை, அதாவது சிறு கிளைகளை, செடி மேலேயே போட்டு மூடியிருந்தார்கள். வரையும்போது அதை எடுத்து வைப்பதும் முடிந்ததும் திரும்பப் பரப்புவதும் எங்கள் வேலை. காலை ஏழரைக்குத் தொடங்கி பத்தரைக்குள் முடித்துவிடுவோம். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில்தான் நன்றாகப் பெய்யும். மதியத்துக்கு மேல் மஞ்சோ மழையோ வந்துவிடும்.

எதை வைத்து மதிப்பிடுவது என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. 'நன்றாக இருக்கிறது' என்பது அளவுகோல் ஆகாது. அப்போது ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் நினைவுக்கு வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள். 1846 முதல் 1851 வரை வைட் நீலகிரித் தாவரங்களுக்கென்றே தனியாக ஒரு நூல் வெளியிட்டார். ஓர் ஆர்க்கிட் வகைக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அந்தப் படங்களுக்கு ஒரே ஒரு கடமைதான் இருந்தது. படத்தைப் பார்ப்பவர் செடியை அடையாளம் காண வேண்டும். இலைக்காம்பு எந்த இடத்தில் தண்டோடு சேர்கிறது என்பது தவறினால், அழகாக இருந்தாலும் படம் பயன்படாது.

அந்தக் கடமையையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். அடையாளம் காண்பவராக, அந்தத் தோட்டத்தில் கவாத்து வெட்டும் பெரியவரைக் கேட்டுக்கொண்டேன். நாற்பது வருடமாகக் கவாத்துக் கத்தி பிடித்தவர். ஞாயிறு காலையில் அவர் தோட்டத்துப் பக்கம் வருவதில்லை. அதனால் யார் எந்தச் செடியின் முன் உட்கார்ந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. முதல் வாரப் படங்களையும் கடைசி வாரப் படங்களையும் கலைத்து அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து, இது எந்தச் செடி என்று கேட்பது. மூன்றில் ஒன்று என்பதால் குருட்டாம்போக்கில் சொன்னாலும் சரியாகிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே எதை வைத்துச் சொல்கிறார் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயன்பட்டது அதுதான்.

முதல் ஞாயிறு: ஹெச்பி பென்சில்

எல்லோருக்கும் ஒரே ஹெச்பி பென்சில், ஒரே ஏ4 கார்ட்ரிட்ஜ் தாள், பரீட்சை அட்டை. நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐந்து படங்களும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல இருந்தன. கீழே ஒரு தடித்த அடி, அதிலிருந்து விசிறி மாதிரி பிரியும் கிளைகள், நுனி போகப்போக மெலியும். அதாவது, மரம் என்று சொன்னதும் நம் கை தானாகப் போடும் வடிவம். கவாத்து வெட்டிய தேயிலை அப்படி இருக்காது. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் பழைய வெட்டுக்குச் சற்று மேலே வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் மொழி, அதாவது கணு, தடித்து, அதிலிருந்து இரண்டு மூன்று கிளை எழும்பி, அதுவும் அடுத்த கவாத்தில் வெட்டுப்பட்டு, மறுபடி தடிக்கும். கொம்புகள் விரல் கணுக்களைப் போல முட்டி முட்டிப் போகும். நுனி மெலியவே மெலியாது, மொட்டையாக நிற்கும்.

மாணவியின் படம்தான் பார்க்க நேர்த்தியாக இருந்தது. விரலால் தேய்த்து நிழலை வெண்ணெய் மாதிரி ஆக்கியிருந்தாள். பெரியவர் அதை எடுத்து ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா இது நம்ம தோட்டத்துச் செடி இல்லையே."

ஐந்தில் ஒன்றைத்தான் சரியாகச் சொன்னார். அதுவும் ஆசிரியர் பின்னால் கல்கட்டையும் சேர்த்து வரைந்திருந்ததால். செடியை வைத்து ஒன்றுகூட இல்லை.

கண் செடியில், கை தாளில்

இரண்டாம் வாரம் பால்பாயிண்ட் பேனா. தாளைப் பார்க்கக் கூடாது. கண் செடியின் விளிம்பில் ஓர் எறும்பு ஊர்கிற வேகத்தில் நகர வேண்டும். கை அதே வேகத்தில் தாளில் நகர வேண்டும். அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிகோலாய்டிஸ் வலியுறுத்திய பயிற்சி இது. இருபது நிமிடம் ஒரே கோடு.

படங்கள் எதையும் போல இல்லை. கொம்பு ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். மாணவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டாள். ஆனால் அந்தத் தாளில்தான் முதல்முறையாக முடிச்சுகள் வந்திருந்தன. அவள் கோடு ஓரிடத்தில் உள்ளே போய், சுற்றி, வெளியே வந்து, மறுபடி உள்ளே போயிருந்தது. பட்டை பிளந்த இடம் அது. அதைச் சுட்டிக்காட்டி, "இதை முதல் வாரம் பார்த்தாயா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். கண் இருந்த இடத்தில் அவள் கை இருந்தது, அவ்வளவுதான். தேய்ப்பதற்கோ அழிப்பதற்கோ வழியில்லாததால் அவளுக்குத் தெரிந்த கெட்டிக்காரத்தனம் எதுவும் அங்கே செல்லவில்லை.

போர்டு ஓவியருக்கு இந்தப் பயிற்சி ஒன்றும் செய்யவில்லை. பார்க்காமலே நேர்கோடு போடும் கை அவருடையது. முடிச்சு வந்தாலும் நேராகத்தான் போயிற்று. அதை அப்போது சும்மா குறித்து வைத்தேன்.

கரி

மூன்றாவது, நான்காவது வாரம் கரி. கடைக் கரியோடு, நாங்களே சுட்ட கரியும் இருந்தது. தோட்டத்தில் கிடந்த தேயிலை மிலாறு, வேலியோரத்து உண்ணிச்செடிக் குச்சி இரண்டையும் பட்டை உரித்து, பென்சில் கனத்துக்குத் தேர்ந்தெடுத்து, மூடியில் ஓர் ஆணி ஓட்டை போட்ட தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, விறகடுப்பில் வைத்தோம். ஓட்டை வழியாக முதலில் வெள்ளைப் புகை வரும். அப்புறம் அந்தப் புகை தீப்பிடிக்கும். புகை நின்றால் கரி ஆகிவிட்டது. டப்பா முழுதாக ஆறும் வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளேயே கனன்று சாம்பலாகிவிடும். எங்கள் முதல் டப்பா அப்படித்தான் போனது. தேயிலைக் குச்சிக் கரி கடினமாக இருந்தது. சாம்பல் நிறக் கோடுதான் விழும், அழுத்தினால் தாளைக் கீறும். உண்ணிச்செடிக் கரி மென்மை. செடியின் கரியாலேயே அந்தச் செடியை வரைவதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்கும்தான்.

இங்கே சுற்றியிருப்பதை வைத்துத் தீட்டுவது புதிதல்ல. கோத்தகிரிக்குக் கீழே வெள்ளரிக்கொம்பையில் ஆலு குறும்பர்கள் மண்ணையும் கரியையும் இலைச்சாற்றையும் வேங்கை மரப் பிசினையும் வைத்து வரைகிறார்கள். அவர்களுடைய வடிவங்கள் அவர்களுக்குச் சொந்தம். அதை நாங்கள் தொடவில்லை.

கரியில் இரண்டு முறை செய்தோம். முதலில் வெள்ளைத் தாளில் இருட்டைச் சேர்ப்பது. அப்புறம் தாள் முழுக்கக் கரியைப் பூசிவிட்டு, வெளிச்சத்தை மட்டும் அழித்து எடுப்பது. ரப்பர் வருவதற்கு முன் ரொட்டியால்தான் அழித்தார்கள். நாங்களும் ரொட்டியின் உள்சதையை உருட்டி ஒற்றி எடுத்தோம். ஊட்டி வர்க்கி பிஸ்கட் ஆகாது, நெய்ப்பசை தாளில் ஏறிவிடும். நான்காவது வாரம் மஞ்சு சீக்கிரமே இறங்கியது. தாள் ஈரத்தை உறிஞ்சிப் பதமாகிவிட்டது. ஈரத் தாளில் கரி அப்பிக்கொள்ளும், ஒற்றினாலும் வராது. பாதியில் நிறுத்தி வீட்டுக்குள் போனோம்.

தாளில் கரி உதிராமல் இருக்க நீர்த்த பாலைத் தெளிப்பது ஒரு பழைய வழி. வான்கோகூடப் பாலைப் பயன்படுத்தியிருக்கிறார். மலையில் அதைச் செய்யாதீர்கள். இரண்டே வாரத்தில் நாலு படத்தில் பூஞ்சணம் பூத்துவிட்டது.

கரிப் படங்கள்தான் எட்டு வாரத்திலும் கண்ணைப் பறித்தவை. தொழிற்சாலைத் தம்பியின் படத்தை அவர் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நடுவில் ஒருநாள், ஒரு ஆர்வத்தில், இந்தக் கரிப் படங்களையும் பெரியவரிடம் காட்டினேன். ஒன்றைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. "எல்லாம் ராத்திரி பார்த்த மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. இருட்டும் வெளிச்சமும் பெரிய அளவில் வந்திருந்தன. வெட்டு வாய்கள் எல்லாம் அந்த இருட்டுக்குள் போய்விட்டன. செடியின் கனம், அது மண்ணைப் பிடித்திருக்கும் விதம், இதெல்லாம் கரியில்தான் முதலில் வந்தது. அடையாளம் வரவில்லை. கரி நன்றாக வந்துவிட்டதாக நமக்குள் ஒரு நிறைவைக் கொடுத்துவிடும். அந்த நிறைவு வந்ததும் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

மஞ்சுக்கு நடுவே

ஐந்தாவது வாரம் நான் திட்டமிட்டது நீர்வண்ணம். மஞ்சு விலகவே இல்லை. காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது தாளில் வைத்த தண்ணீர் காயாது. வண்ணத்தை மூட்டை கட்டினேன்.

பெட்டி கட்டும் பழுப்புத் தாளும் வெள்ளைச் சாக்பீசும் இருந்தன. மஞ்சில் பின்னாலிருந்த சரிவும் சில்வர் ஓக் மரங்களும் வீடுகளும் மறைந்து, கொம்புகளுக்கு இடையே வெறும் வெண்மை மட்டும் நின்றது. சரி, கொம்பை வரைய வேண்டாம், இடையில் தெரியும் வெள்ளையை மட்டும் வரையுங்கள் என்றேன். சாதாரண நாளில் இந்தப் பயிற்சி பலருக்குப் பிடிபடாது. இடைவெளிக்குள் ஆயிரம் பொருள் தெரிவதால் அதை ஒரு வடிவமாகப் பார்க்க வராது. அன்றைக்கு மலையே அந்த வேலையைச் செய்து கொடுத்துவிட்டது.

கணக்கு ஆசிரியருக்கு இது திருப்புமுனை. இடைவெளிகளை முக்கோணம், சரிவகம் என்று பார்த்து, கோணம் கோணமாகப் போட்டார். கொம்பு என்று நினைத்தால் விசிறியாக்கிவிடும் கை, முக்கோணம் என்று நினைத்ததும் உள்ளதை உள்ளபடி போட்டது. முடித்துவிட்டு, "இத்தனை நாள் செடியைத்தான் பார்க்கணும்னு நினைச்சேன் சார்" என்றார்.

தேயிலை மை

ஆறாவது, ஏழாவது வாரம் மை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவியின் கை இங்கேதான் மாறியது.

கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்துக் கறுப்பு மை செய்வது நம் ஊரில் பழைய வழக்கம். கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருள்தான் இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. துவர்ப்பு தேயிலையிலும் இருக்கிறதே. தொழிற்சாலைத் தம்பி கொண்டுவந்த தூள் தேயிலையைக் கைப்பிடி அளவு போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் பாதியாக வற்றும் வரை காய்ச்சி, வடிகட்டினோம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அன்னபேதியை ஒரு சிட்டிகை போட்டதும் சிவந்த டிக்காஷன் கண் முன்னாலேயே கருநீலச் சாம்பலாகத் திரும்பியது. செவிலியர் வாய்விட்டுக் கூவிவிட்டார். மை தாளில் பரவாமல் நிற்கக் கருவேலம்பிசின் கொஞ்சம் கரைத்துச் சேர்த்தோம். பாத்திரத்தைத் தனியாக வைத்துவிட வேண்டும், சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. பேனாவுக்கு மூங்கில் சிம்பைச் சாய்வாகச் சீவி, நடுவில் ஒரு கீறல்.

இந்த மையில் ஒரு குணம் உண்டு. எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். காற்றுப் பட்டு, இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகுதான் கறுக்கும். அதாவது, நீங்கள் போட்ட கோட்டின் முழுக் கருமையை உடனே பார்க்க முடியாது. மாணவிக்கு ஒவ்வொரு கோட்டையும் போட்டதும் சரிபார்த்து, தேய்த்து, திருத்தும் பழக்கம். இங்கே திருத்தவும் முடியாது, சரிபார்க்கவும் முடியாது. முதல் அரைமணி நேரம் தவித்தாள். பிறகு தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். செடியைப் பார்த்து, கணக்கிட்டு, ஒரு கோடு, மறுபடி செடி. ஒரு கோட்டுக்கு முன் நான்கு முறை நிமிர்ந்து பார்த்தாள். முதல் வாரத்தில் நான் கவனித்தது இதற்கு நேர்மாறு: ஒருமுறை செடியைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் தாளிலேயே குனிந்திருப்பாள்.

மூங்கில் பேனா மை தீரும் இடத்தில் கோட்டை உடைத்துவிடும். அந்த உடைவுகளை அவள் மொழிகளில் வந்து நிற்கும்படி வைத்துக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்னபேதி மை அமிலத்தன்மை உள்ளது, நாளடைவில் தாளை அரிக்கும். இந்தப் படங்கள் ரொம்ப காலம் நிற்காது என்று அவளிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

ஏழாவது வாரம் நீளக் குச்சியில் தூரிகையைக் கட்டி, தரையில் விரித்த சார்ட்டில் நின்றுகொண்டே வரைவதையும் முயன்றோம். ஆசிரியருக்குக் குனிந்து நிமிர்ந்து தலை சுற்றியது. மற்றவர்களுக்கும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. விட்டுவிட்டோம்.

போர்டு ஓவியர்

அவரைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். கரி, மை, தூரிகை எல்லாவற்றிலும் அவர் படங்கள் பளிச்சென்று இருந்தன, ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி பளிச்சென்று. புதுக் கருவி எதுவும் அவரை அசைக்கவில்லை. கடைசியில் அசைத்தது எது தெரியுமா, நன்றாகச் சீவிய 4ஹெச் பென்சில். ஏழாவது வாரம் தூரிகையை வைத்துவிட்டு அதைக் கையில் கொடுத்தேன். வெளிறிய, மெல்லிய, கடினமான கோடு. அவர் தோளின் வீச்சு அதில் எடுபடாது. விரல் நுனியால் அங்குலம் அங்குலமாகத்தான் போக முடியும். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு கொம்பைத்தான் முடித்தார். அதில் ஐந்து முடிச்சு இருந்தது. நான் போய் எண்ணினேன், செடியிலும் ஐந்து.

மாணவிக்குப் பென்சிலைப் பிடுங்கி மை கொடுக்க வேண்டியிருந்தது. இவருக்கு மையைப் பிடுங்கிப் பென்சில் கொடுக்க வேண்டியிருந்தது. எந்தக் கருவி பார்வையைத் திறக்கும் என்று பொதுவாகப் பட்டியல் போட முடியாது என்று இதற்குப் பிறகுதான் உறுதியாக நினைக்கிறேன். அவரவர் கை எதில் ஊறியிருக்கிறதோ, அது செல்லாத கருவி எதுவோ, அதுதான் அவருக்குக் கருவி. ஓவிய வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வரிசையில் கரி, பிறகு மை, பிறகு வண்ணம் என்று கொடுத்துக்கொண்டு போவதை நான் நிறுத்திவிட்டேன்.

திரும்பவும் ஹெச்பி

நவம்பர் கடைசி ஞாயிறு. முதல் வாரத்தின் அதே பென்சில், அதே தாள். பின்னணி வரையக் கூடாது என்பது மட்டும் கூடுதல் நிபந்தனை.

பெரியவர் ஐந்தில் நான்கைச் சரியாகச் சொன்னார். ஐந்து பேர், மூன்று செடி. இதை வைத்துப் பெரிய முடிவு கட்ட மாட்டேன். எட்டு வாரம் ஒரே செடியைப் பார்த்தாலே, கருவி மாறாவிட்டாலும், கண் கொஞ்சம் தேறியிருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க என்னிடம் வழியில்லை. அடுத்த கவாத்தின்போது பாதிப் பேரைக் கடைசி வரை பென்சிலிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் சொன்ன காரணங்கள் முதல் வாரத்தில் இல்லாதவை. "இது ஓடைப் பக்கம், வடக்கே ஒரு கொம்பு மட்டும் தாழ்ந்திருக்கும்." "இது நடுவரிசை, அடியிலேயே ரெண்டாப் பிரிஞ்ச செடி." தவறவிட்டது தொழிற்சாலைத் தம்பியின் படத்தை. அவர் கடைசி வாரமும் கரிப் படத்தின் அழுத்தத்தைப் பென்சிலில் கொண்டுவரப் பார்த்திருந்தார்.

மாணவியின் படத்தில் நிழல் தேய்க்கப்படவில்லை. கோடுகள் அங்கங்கே உடைந்திருந்தன. முதல் வாரப் படத்தின் நேர்த்தி இல்லை. பெரியவர் அதைத் திண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இடது பக்கக் கொம்பில் ஓரிடத்தில் விரலை வைத்தார். அங்கே வெட்டு வாயின் கீழ் பட்டை உரிந்து தொங்குவதைப் போல மூன்று சின்னக் கோடுகள் போட்டிருந்தாள்.

"கல்கட்டுச் செடி. இந்த வெட்டு நான் போட்டது இல்ல சார். இதுக்கு முந்தின கவாத்துக்கு எனக்கு உடம்பு முடியல, வேற ஆள் வந்து வெட்டினாங்க. கத்தி மழுங்கியிருந்தா இப்படித்தான் கிழியும்."

மறுநாள் அவர் அந்தச் செடிக்குப் போய், மிலாறை விலக்கி, கிழிந்த இடத்தைக் கத்தியால் சுத்தமாகச் சீவிவிட்டு வந்தார். டிசம்பர் பாதியில் துளிர் எழும்பி முடிச்சுகளை மறைக்கத் தொடங்கிவிட்டது.